அறுபதாயிரம் ரூபாயில் மரவேலை மெஷின்கள்: எதை வாங்குவது, எங்கே வைப்பது, பணத்தை எப்படிக் கட்டுவது?

கேள்வி: நாகப்பட்டினத்தில் எட்டு ஆண்டுகள் வேறொருவரிடம் மரவேலை பார்த்தேன். இப்போது தனியாகத் தொழில் தொடங்குகிறேன். பெரும்பாலும் பிளைவுட் அலமாரி, கிச்சன் கபோர்டு வேலை. எப்போதாவது தேக்குக் கதவு. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு மொத்த செட்டாக எடுத்துக்கொள், மீதியைத் தவணையில் கட்டு என்கிறார் கடைக்காரர். என் ஷெட் தகரக் கூரை, கடலும் பக்கம்தான். என்ன செய்யலாம்?

பதில்: செட்டாக எடுக்காதீர்கள். அதில் தினமும் ஓடப்போவது மூன்று மெஷின்கள்தான், மற்றவை ஷெட்டில் துருப்பிடிக்கும். 60,000-ல் ஏறக்குறைய 40,000-ஐ மெஷின்களுக்கும் 10,000-ஐ பிளேடு, பிட்டுகளுக்கும் 5,000-ஐ வயரிங்குக்கும் ஒதுக்குங்கள். மிச்சம் 5,000 கையில் இருக்கட்டும். பிளேடுக்கும் வயருக்கும் காசில்லாமல் மெஷினில் மட்டும் பணத்தைப் போட்டால் விலையுயர்ந்த மெஷினும் மட்டமாகத்தான் அறுக்கும்.

பிளைவுட் வேலைக்கு முதலில் வேண்டியவை 7 இஞ்ச் சர்குலர் சா (வட்ட பிளேடு ரம்பம்), ட்ரிம்மர் (விளிம்பைச் சீவவும், காடி எனும் நீளப் பள்ளம் எடுக்கவும் உதவும் சிறு மெஷின்), பேட்டரி டிரில். பிளானர் இப்போது வேண்டாம். எப்போதாவது வரும் தேக்கை மரக்கடையிலேயே இழைத்து வாங்கிக்கொள்ளலாம், அல்லது மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம்.

சர்குலர் சா பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பலர் 4 இஞ்ச் மார்பிள் கட்டரில் மர பிளேடை மாட்டி அறுக்கிறார்கள். விலை குறைவு, எடையும் குறைவு என்பதுதான் காரணம். ஆனால் அது கல் அறுக்கச் செய்த மெஷின். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். பிளேடின் அடிப்பாதியைத் தானாக மூடும் ஸ்பிரிங் கவர் அதில் கிடையாது. மரத்தில் பிளேடு இறுகி மெஷின் பின்னால் எகிறினால், சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு நேராகத் தொடைக்கோ இடது கைக்கோ வரும். பல மாடல்களில் சுவிட்சை லாக் செய்துவிட்டே வேலை செய்வதால் கையை எடுத்தாலும் நிற்காது. விரல் போன பிறகு சேமித்த காசுக்கு மதிப்பில்லை. சர்குலர் சாவே வாங்குங்கள்.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட வாட்டை மட்டும் நம்பாதீர்கள். வயரைப் பாருங்கள். 2200 வாட் என்றால் 230 வோல்ட்டில் 9.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதில் 6-7 ஆம்பியர் மட்டுமே தாங்கும் 0.75 சதுர மி.மீ வயரைப் போட்டிருந்தால் அந்த வாட் பொய். 18 மி.மீ பிளைவுட்டுக்கும் ஒன்றரை இஞ்ச் தேக்குக்கும் உண்மையான 1200-1400 வாட் தாராளம். அடித்தட்டைத் தரையில் வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேடு அடித்தட்டின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்பதை முன்னும் பின்னும் ஸ்கேல் வைத்து அளங்கள். ஒரு மி.மீ கோணினாலும் 8 அடி ஷீட்டில் பிளேடு இறுகும், விளிம்பு கருகும்.

பிளேடுகள் கார்பைடு பல் வைத்தவையாக இருக்கட்டும். தேக்கில் இயற்கையாகவே சிலிகா உண்டு, பிளைவுட்டில் பசை உண்டு. இரண்டுமே சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தேக்கை நீளவாக்கில் கிழிக்க 24 பல், பொது வேலைக்கு 40, மைக்கா ஒட்டிய பிளைவுட்டுக்கு 60. நடுத்துளை 20, 25.4, 30 மி.மீ என்று பல அளவில் வருகிறது, உங்கள் மெஷினின் அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அறுக்கும்போது பலகைக்கு அடியில் பிளேடு 5-6 மி.மீ நீட்டினால் போதும். சர்குலர் சாவின் பற்கள் கீழிருந்து மேலே ஏறுவதால் மேல்பக்கம்தான் சிலும்பும். எனவே ஷீட்டின் நல்ல முகத்தைக் கீழே போட்டு அறுங்கள்.

ட்ரிம்மரில் நடக்கும் தவறு பெரும்பாலும் காலெட்டில், அதாவது பிட்டின் தண்டைப் பிடிக்கும் பிடியில்தான். சந்தையில் 6 மி.மீ பிட்டும் உண்டு, கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ பிட்டும் உண்டு. 6 மி.மீ பிட்டைக் கால் இஞ்ச் காலெட்டில் போட்டு எவ்வளவு முறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. ஓட ஓட பிட் கீழே இறங்கும், காடியின் ஆழம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் பிட் தெறிக்கும். பிட்டை அடிவரை செருகி, 2-3 மி.மீ மேலே இழுத்து, பிறகு நட்டை முறுக்குங்கள். சுற்றைக் குறைக்க முடியாத ட்ரிம்மரில் அகலமான பிட்டுகளைப் போடக் கூடாது.

பேட்டரி டிரில் வாங்கும்போது நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது பேட்டரியைத்தான். பின்னால் வாங்கும் மெஷினும் அதே பேட்டரியில் ஓட வேண்டும். 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் இரண்டும் ஒன்றே, ஐந்து செல்தான். முழு சார்ஜில் அளந்த எண்ணை ஒரு கம்பெனி போடுகிறது, சராசரியை இன்னொன்று போடுகிறது. கிச்சன் வேலைக்கு 2 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு போதும்.

எந்த கம்பெனி என்று கேட்டால், நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ எதன் கார்பனும் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும், தேயும் கட்டி) ஆர்மேச்சரும் (அந்தச் சுழலும் பகுதி) கையோடு கிடைக்கிறதோ அதுதான். வாங்கும் முன் ரிப்பேர் கடைக்குப் போய் உங்கள் மாடலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கார்பனை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். 6 மி.மீக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். விட்டுவிட்டால் ஸ்பிரிங், ஆர்மேச்சரின் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் உரசும், ஆர்மேச்சர் போகும். அப்புறம் ரிப்பேரா புது மெஷினா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

வயரிங்: ஷெட்டில் 16 ஆம்பியர் பிளக், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை வெட்டும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். வேலை நடக்கும் வீடுகளில் நீளமான மெல்லிய வயரை இழுத்து ஓட்டுவதுதான் மெஷின்களைக் கொல்கிறது. 1400 வாட் சாவுக்கு 30 மீட்டர் 0.75 வயரில் 8 வோல்ட்டுக்கு மேல் வீணாகும், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு. வீட்டில் ஏற்கனவே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாரின் வேகம் குறையும். அதோடு உள்விசிறியின் காற்றும் குறையும். நீங்கள் அழுத்தித் தள்ளுவீர்கள், காயில் கருகும். 2.5 சதுர மி.மீ வயரில் அதே தூரத்துக்கு இழப்பு இரண்டரை வோல்ட்தான். சுருளை முழுவதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் வயர் சூடாகி உருகும்.

இனி பாதுகாப்பு. கடலோரத்தில் உப்புக் காற்றோடு மரத்தூளும் சேர்ந்துகொள்கிறது. மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டியே வைத்திருக்கும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பிரஷ்ஷால் தூளைத் தட்டி, காற்றுத் துளைகளை புளோயரால் ஊதுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. மெஷின் ஆறிய பிறகு மூடுங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம், அதுவே ஈரம் குடிக்கும். ரப்பர் ஓரம் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், துணிப்பையில் கால் கிலோ சிலிகா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போட்டு வையுங்கள். ஆரஞ்சு மணிகள் நிறம் மாறியதும் 110-120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் திரும்பப் பயன்படும். சமையல் பாத்திரத்தில் வேண்டாம். சாவின் அடித்தட்டில் எண்ணெய் பூசாதீர்கள். அது பலகையில் ஒட்டி, பெவிகாலும் பாலிஷும் பிடிக்காமல் செய்யும். வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் துருவும் ஏறாது, மெஷினும் வழுக்கிக்கொண்டு போகும்.

பேட்டரிகளை மட்டும் ஷெட்டில் விடவே கூடாது. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழே 40 டிகிரியைத் தாண்டும். முழு சார்ஜோடு அந்தச் சூட்டில் கிடந்தால் லித்தியம் பேட்டரி வேகமாகக் கிழடாகிவிடும். வீட்டுக்குள் வையுங்கள். சில வாரம் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில் வைத்தால் போதும். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

கடைசியாகப் பணம். கடைக்காரர் சொல்லும் 90,000 பாக்கிக்கு வட்டி 12 சதவீதம் ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு வட்டி 10,800, மாதம் 8,400. நீங்கள் மாதாமாதம் அசலையும் கட்டிக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் வட்டி முழு 90,000-க்கும் கணக்காகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது சுமார் 21.5 சதவீதம். அதனால் 'ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிராசஸிங் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

கடன் வேண்டுமென்றால் முதலில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். தமிழ்நாடு அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலையும் உண்டு. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மேலும் 5 சதவீத வட்டி மானியம் என்பது அறிவிப்பு. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். இப்போதைய நிபந்தனைகளை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இதுபோன்ற கடன்களில் வாங்கப்போகும் மெஷின்களின் கொட்டேஷனைத்தான் வங்கி கேட்கும். முன்பே வாங்கிய மெஷினின் பில்லைக் காட்டினால் பொதுவாக ஏற்பதில்லை, ஆகவே கடன் அனுமதியான பிறகு வாங்குங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பில் இல்லாமல் 18 சதவீத ஜி.எஸ்.டி-யைக் குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.