வயலோரம் சாரைப்பாம்பு தென்பட்டால், அதைத் தொந்தரவு செய்யாமல் நல்ல போட்டோ எடுப்பது எப்படி?

முதல் வேலை, அது சாரைதானா என்று உறுதி செய்வது. படம் விரிக்காத நல்லபாம்பு தூரத்துப் பார்வைக்குச் சாரை மாதிரியே இருக்கும். சாரைக்குக் கண் பெரிது, கண்மணி வட்டம். தலை கழுத்தைவிட அகலம். உதட்டுச் செதில்களின் விளிம்பில் கறுப்புக் கோடுகள் இருக்கும். உடம்பின் பின்பாதியிலும் வாலிலும் பெரும்பாலும் கறுப்புப் பட்டைகள் தெரியும். தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து, திரையில் பெரிதாக்கி இதையெல்லாம் பாருங்கள். சந்தேகம் இருக்கும்வரை விஷப்பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாரை பகலில் நடமாடும். காலை வெயிலில் வரப்பிலோ வைக்கோல்போர் ஓரத்திலோ உடம்பைச் சூடேற்றிக்கொண்டு கிடக்கும்போதுதான் நிதானமாக எடுக்க முடியும். 4 மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். முக்கியமானது நிற்கும் இடம்: பாம்புக்கும் அதன் பொந்துக்கும் (அல்லது புதருக்கும்) நடுவில் போகாதீர்கள். சாரை கடிப்பது பெரும்பாலும் போக வழியில்லாதபோதுதான். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று மடக்கினால் நல்ல போட்டோ கிடைக்காது, மிரண்ட பாம்புதான் கிடைக்கும். காலடி அதிர்வு அதற்குத் தரை வழியே தெரிந்துவிடும். அதனால் ஓரிடத்தில் குந்திவிட்டால் அசையாமல் இருங்கள். அது கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக்கி உறுமினால் உடனே பின்வாங்குங்கள்.

கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் போதும். லென்ஸ் துளை (அபெர்ச்சர்) எஃப்/8, ஷட்டர் வேகம் 1/500 நொடி. நாக்கு நீட்டுவதைப் பிடிக்க 1/1000. ஆட்டோஃபோகஸை ஒற்றைப் புள்ளியில் வைத்துக் கண்ணில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் புல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். வழவழப்பான செதிலில் வெயில் பட்டால் வெளுத்துப்போகும்; வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) -0.7 ஆகக் குறையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். செல்போன் என்றால் 4கே வீடியோ எடுத்து, பிறகு ஒரு ஃபிரேமைப் பிரித்தெடுப்பது நல்லது. தலையின் பக்கவாட்டு, நடு உடம்பு, வால் மூன்றும் பதிவானால் அடையாளம் காண்பது சுலபம்.

கண் பால்நீலமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. அப்போது பார்வை சரியாக இருக்காது, எளிதில் மிரளும், விட்டுவிடுங்கள். வயிறு புடைத்துக் கிடந்தாலும் அப்படித்தான். மிரண்டால் விழுங்கிய இரையைக் கக்கிவிடும், அவ்வளவு உழைப்பும் வீண்.

இரண்டு பாம்புகள் பின்னி எழுந்து நின்றால், "சாரையும் நல்லபாம்பும் இணைகின்றன" என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. நீண்ட நேரம் நடக்கும், அவசரமே இல்லை. அதிர்ஷ்டம் என்று நம்பி அவற்றின்மேல் துணி போர்த்தப் போகிறவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

பிடித்து வைத்து எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடித்தால் சாரைக்கு விஷமில்லை, சோப்பு போட்டுக் கழுவலாம். ஆனால் இனம் உறுதியில்லை என்றால் இறுக்கிக் கட்டாமல், கடிவாயைக் கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.