இரவில் தண்ணீர் சுமந்தவர்

அன்புள்ள ஐயா,

எகிப்தியப் பாலைவனத்துக் கிறிஸ்தவத் துறவி மோசே முன்பு கொள்ளைக்காரராக இருந்தவர் என்று உங்கள் உரையில் ஒரு வரி சொன்னீர்கள். வால்மீகி, அங்குலிமாலன், இப்போது இவர். எல்லா மதங்களிலும் ஒரே கதைதானா? என் சித்தப்பா இருபது வருடம் குடித்து வீட்டை அழித்தவர். ஆறு மாதமாகத் தினமும் கோயிலுக்குப் போகிறார். அம்மா நம்புகிறார், என்னால் முடியவில்லை. மனிதன் அப்படி மாறிவிடுவான் என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே நாளில் மாறுவான் என்று நான் நம்பவில்லை. மோசேயின் வரலாறும் அப்படிச் சொல்லவில்லை. ஒற்றை வரியில் சொல்லிப் போனது என் பிழை.

எகிப்தியத் துறவிகளோடு சில ஆண்டுகள் வாழ்ந்த பல்லாடியஸ், 420ஆம் ஆண்டு வாக்கில் அவரைப் பற்றி எழுதினார். மோசே ஒரு கறுப்பினத்தவர். ஓர் அதிகாரியின் வீட்டு அடிமையாக இருந்து, திருட்டுக்காக விரட்டப்பட்டு, கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவரானவர். ஒரு முறை இடையன் ஒருவனின் நாய் குரைத்ததால் அன்றைய திருட்டு கெட்டுவிட்டது. அந்த ஆத்திரத்தில், வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெள்ளம் பெருகிய நைல் நதியை நீந்திக் கடந்து அவனைக் கொல்லப் போனார். இடையன் மணலுக்குள் புதைந்து தப்பித்துக்கொண்டான். அங்கே நின்ற நான்கு கிடாக்களை வெட்டி, கயிற்றில் கட்டி, மறுபடி நீந்தியே திரும்பினார் மோசே.

வால்மீகிக்கு நாரதர் வந்தார், அங்குலிமாலனுக்குப் புத்தர் வந்தார். மோசேக்கு வந்தது யார்? ஏதோ ஒரு நிகழ்ச்சி அவர் மனத்தைத் தைத்தது என்பதோடு பல்லாடியஸ் நிறுத்திக்கொள்கிறார். நாம் பெரிதாகக் கேட்க விரும்பும் அந்தக் கணம் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. பிறகு வந்த ஆண்டுகளைத்தான் விரித்து எழுதுகிறார்.

அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே, இன்று வாதி நத்ரூன் எனப்படும் ஸ்கேதிஸ் பாலைவனத்தில் மோசே துறவியானார். உலர்ந்த ரொட்டி மட்டுமே உணவு, நாள் முழுக்க உழைப்பு, ஐம்பது முறை ஜெபம். அப்படியும் பழைய வாழ்வு கனவாக வந்து உடலை எரித்தது. ஆறு ஆண்டுகள் இரவு தோறும் தன் குடிலின் நடுவே கண்மூடாமல் நின்று ஜெபித்தார். அப்போதும் அடங்கவில்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை வருகிறது. ஆறு ஆண்டுகள் தோற்றவர் ஏழாம் ஆண்டும் எழுந்திருக்கிறார்.

அதன் பிறகு தண்ணீர் சுமக்கத் தொடங்கினார். தள்ளாத வயதுத் துறவிகளுக்குக் கிணறு எட்டாத் தொலைவில் இருந்தது. சிலருக்கு இரண்டு மைல், சிலருக்கு ஐந்து மைல். மோசே இருட்டில் ஒவ்வொரு வாசலிலும் குடத்தை எடுத்துப்போய் நிரப்பி, யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு வந்தார். ஒரு நாள் கிணற்றடியில் இடுப்பில் பலத்த அடி விழுந்து ஓராண்டு படுத்த படுக்கையானார். பேய் அடித்தது என்கிறார் பல்லாடியஸ். கடைசியில் குருவான இசிதோர்தான், "போதும், பேய்களோடு மல்லுக்கட்டாதே, வீரத்துக்கும் ஓர் அளவுண்டு" என்று சொல்லி அவரைத் திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் வழிபாட்டுக்கு) அழைத்தார்.

உங்கள் சித்தப்பாவுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. நீங்கள் உடனே நம்பியாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மோசேயைப் பற்றி எல்லோரும் மேற்கோள் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தவறு செய்த ஒரு சகோதரரை விசாரிக்கக் கூடிய சபைக்கு, ஓட்டைக் கூடையில் மணலைச் சுமந்து வந்தார். "என் பாவங்கள் எனக்குப் பின்னால் கொட்டிக்கொண்டே வருகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை. நானா இன்னொருவரை விசாரிப்பது?" என்றார். அதை உங்களிடம் காட்டி 'மன்னித்துவிடுங்கள்' என்பது அநியாயம். அந்தச் சபையில் இருந்தவர்களின் வீட்டை அந்தச் சகோதரர் அழித்துவிடவில்லை. உங்கள் வீடு அழிந்திருக்கிறது. மணல் கொட்டுவது தன் கூடையிலிருந்துதான் என்று உங்கள் சித்தப்பாவுக்குத் தெரிகிறதா, அதை மட்டும் பாருங்கள்.

மோசேக்குக் கடைசிவரை தெரிந்திருந்தது. 407ஆம் ஆண்டு வாக்கில் பாலைவனக் கொள்ளையர் ஸ்கேதிஸை நோக்கி வந்தார்கள். உடனிருந்தவர்களைத் தப்பி ஓடச் சொன்னார். "நீங்கள் வரவில்லையா, அப்பா?" என்று கேட்டார்கள் (அந்தத் துறவிகளுக்கிடையே மூத்தவரை அப்பா என்றே அழைப்பார்கள்). "வாளை எடுத்தவர் வாளால் மடிவார் என்று ஆண்டவர் சொன்னாரே, அந்த நாளுக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருக்கிறேன்" என்றார். "அப்படியானால் நாங்களும் உம்மோடு சாகிறோம்" என்றார்கள்.

"அதில் எனக்குப் பங்கில்லை. அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்" என்றார் மோசே. ஒருவர் மட்டும் கயிற்றுக் குவியலுக்குள் ஒளிந்துகொண்டார். மற்றவர்கள் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள்.