கல்லட்டி ஏற்றத்தில் சைக்கிள் போட்டி: கேள்விகளும் பதில்களும்

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் நேரம் குறித்து ஓட்டும் ஏற்றமாக இது பேர் வாங்கியது. மலைப் போட்டிக்கு முதல்முறை பேர் கொடுத்திருப்பவர்கள் கேட்டவை இவை. பதில்கள் கல்லட்டியை மனதில் வைத்துச் சொன்னவை. ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கோவையிலிருந்து: அண்ணா, சமவெளியில் குழுவோடு 35 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் தாராளமா ஓட்டுவேன். ஏற்றத்துல மட்டும் பாதியிலேயே மூச்சு நின்னுடுது. எங்க கோளாறு?

கோளாறு காலில் இல்லை தம்பி, முதல் பத்து நிமிடத்தில் இருக்கிறது. குழுவில் ஓட்டும்போது முன்னால் போகிறவர் உங்களுக்காகக் காற்றைக் கிழிக்கிறார். உங்கள் உழைப்பில் கால் பங்காவது மிச்சம். மலையில் 10, 12 கி.மீ. வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. அங்கே எடையைத் தூக்குவதுதான் வேலை, அதை யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. இன்னொன்று: சமவெளியில் மூச்சு வாங்கினால் குழுவுக்குள் பதுங்கி ஆறிக்கொள்ளலாம். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டியே நின்றுவிடும்.

மசினகுடியிலிருந்து மாவனல்லா, வாழைத்தோட்டம் வரை சாலை பெரிதாக ஏறாது. எல்லோரும் அங்கேயே பறப்பார்கள். பறக்கட்டும். வளைவுகளுக்கு எண் பலகை இருக்கிறது. முதல் சில வளைவுகளை, பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பாதி தாண்டியபின் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வராத அளவுக்கு வேகத்தைக் கூட்டலாம், அதுவரை பொறுங்கள். மசினகுடி சுமார் 950 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். கீழே தாங்கிய அதே சக்தியை மேலேயும் எதிர்பார்க்காதீர்கள்.

சேலத்திலிருந்து: பழைய ரேஸ் சைக்கிள் வெச்சிருக்கேன். முன்னாடி பெடலோட சுத்துற பல்சக்கரம் (செயின்ரிங்) சின்னது 39 பல், பின்னாடி பெரிய பல்சக்கரம் 25 பல். போதுமா?

போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 39-க்கு 25 என்றால் ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால், வண்டி 3.3 மீட்டர் போகும். 9 கி.மீ. வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு 46 மிதி. அது மிதிப்பதில்லை, ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று பளு தூக்குவது. முழங்கால் போய்விடும். அதே வேகத்தில் 34-க்கு 32 போட்டால் 67 மிதி வரும், உட்கார்ந்தபடியே ஏறலாம்.

கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். செயினைப் பல் மாற்றிவிடும் பின் டெரெய்லரின் கீழ்க்கை (கேஜ்) குட்டை என்றால் 32 பல்லைத் தாங்காமல் போகலாம், செயின் நீளமும் பார்க்க வேண்டும். நீளம் போதாத செயினை முன்னே பெரியது, பின்னே பெரியது என்று தெரியாமல் போட்டால் டெரெய்லரையே பிய்த்துக்கொண்டு போகும். கடையில் ஸ்டாண்டில் ஏற்றி எல்லா கியரும் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பெங்களூரிலிருந்து: கார்பன் ஃபிரேம் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். ஒன்றரை கிலோ குறையும். விலை இரண்டு லட்சத்துக்கு மேல். வாங்கலாமா?

ஆசைக்கு வாங்கலாம். நேரத்துக்கு என்றால், நீங்களும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ என்று வையுங்கள். ஒன்றரை கிலோ அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. 70 நிமிட ஏற்றத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சமாகும். முதல் பத்து நிமிடம் அடக்கி ஓட்டினால் அதைவிட அதிகம் கிடைக்கும், அதுவும் இலவசமாக.

திருச்சியிலிருந்து: எனக்கு 82 கிலோ. ஏற்றம் வந்ததும் குழுவிலிருந்து கழன்றுவிடுகிறேன். ஒல்லிக்காரர்களோடு போட்டி போட வழி உண்டா?

நீண்ட ஏற்றத்தில் இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை வாட் சக்தி மிதிக்கிறீர்கள் என்பதுதான் அங்கே பேசும். ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற சிறு ஏற்றங்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஏற்றம் தொடங்கும்போது குழுவின் முதல் வரிசையில் இருங்கள். உங்கள் வேகத்திலேயே ஏறுங்கள். ஒவ்வொருவராகத் தாண்டிப் போவார்கள். உச்சி வரும்போது நீங்கள் கடைசி ஆளாக இருப்பீர்கள், ஆனால் குழுவுக்குள் இருப்பீர்கள். கடைசியில் இருந்து தொடங்கியிருந்தால் தனியாள் ஆகியிருப்பீர்கள். உச்சி தாண்டியதும் உங்கள் எடை உங்களுக்கு உதவும்.

சென்னையிலிருந்து: இங்கே மேம்பாலம்தான் மலை. எப்படிப் பயிற்சி எடுப்பது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று இருக்கிறதே, அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நிறுத்தாமல் 20 நிமிடம் கனமாக மிதிக்க வேண்டும், பத்து நிமிடம் ஆற வேண்டும், மறுபடி 20. வாரம் இரண்டு நாள் போதும். வீட்டில் டிரெய்னர் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கி) இருந்தால் முன்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் முதுகு எங்கே வலிக்கும் என்பது இங்கேயே தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை ஏலகிரி போய்வாருங்கள். 14 வளைவுதான், வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பேர் வைத்திருக்கிறார்கள். முடிந்ததும் இறங்கி இன்னொரு தடவை ஏறுங்கள். பயிற்சி அந்த இரண்டாவது தடவைதான்.

மதுரையிலிருந்து: பாக்கெட்ல வர்ற சர்க்கரைக் கூழ், அந்த ஜெல் வாங்கணுமா? கடலை மிட்டாய் போதுமா?

போதும், ஆனால் ஏற்றத்தில் மெல்ல முடியாது. மூச்சு வாங்கும் வாயில் கடலை புரையேறும். அதனால் அடிவாரம் வரை கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சை. ஏற்றத்தில் தண்ணீரில் கரைத்த சர்க்கரை, உப்பு அல்லது ஜெல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிற போட்டியில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் சொச்சம். பசித்தபின் சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது. புதுச் சரக்கு எதையும் போட்டி நாளில் முதல்முறை வாயில் வைக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: ஏறுவதில் பயமில்லை அண்ணா. இறங்குவதில்தான் கை நடுங்குது. ஏற்றத்துல விட்ட நேரத்தை இறக்கத்துல பிடிக்கணும்னு சொல்றாங்களே?

சொல்பவர்களைப் பின்தொடராதீர்கள், தங்கை. கல்லட்டியில் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடாமல் வைத்திருப்பது சும்மா இல்லை. பிரேக் சூடேறிக் கவிழ்ந்த வண்டிகள் அத்தனை. சைக்கிளுக்கும் அதே கதைதான். ரிம் பிரேக்கை (சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள், ரிம் ஆறும். வளைவுக்குள் பிரேக் வேண்டாம்.

கை, ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். அங்கிருந்துதான் விரல் பிரேக்கை முழு பலத்தோடு பிடிக்கும், உடல் எடையும் தாழும். வளைவுக்கு வெளிப்பக்கக் காலைக் கீழே நீட்டி, அந்தப் பெடல்மேல் எடையை ஊன்றுங்கள். பார்வை சக்கரத்துக்கு முன்னால் அல்ல, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே. எந்தக் குழியை முறைத்துப் பார்க்கிறீர்களோ அதில்தான் விழுவீர்கள்.

போட்டி என்றாலும் நம் ஊரில் சாலையை முழுக்க மூடிவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். அரசுப் பேருந்து கொண்டை ஊசியில் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்குத்தான். உங்கள் இடப்பக்கத்தை விட்டு விலகவே விலகாதீர்கள். ஏறி முடித்த வியர்வையோடு அப்படியே இறங்கினால் குளிரில் விரல் மரத்துப்போய் பிரேக்கே பிடிக்க வராது. உச்சியில் ஒரு செய்தித்தாளை ஜெர்சிக்குள் நெஞ்சோடு திணித்துக்கொள்ளுங்கள். எடையில்லாத ஜாக்கெட் அது.

அதே ஈரோட்டிலிருந்து: முந்தின நாளே போய் விடிகாலை ஐந்து மணிக்கு ஒருதடவை பாதையை ஏறிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். அது யானை நடமாடும் காடு. இருட்டில் சத்தமில்லாமல் வரும் சைக்கிளை யானையும் எதிர்பார்க்காது, வளைவுக்கு அப்பால் நிற்கும் யானையை நீங்களும் எதிர்பார்க்க மாட்டீர்கள். நன்றாக வெயில் ஏறியபின், ஓரிருவரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். வழியில் சாணம் ஈரமாகக் கிடந்தால் திரும்பிவிடுங்கள்.