வாசகர் கேள்வி: ஒரு லீவுக்கு ஒரு சுவர்

கேள்வி: நான் 2006 இல் பிறந்தவள். போர் பற்றிப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் திகதியும் சண்டையும்தான். கொழும்பில் சோதனைச் சாவடிகளில் நின்ற ஆமிக்காரர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? அவர்களுடன் பழகியிருக்கிறீர்களா?
- வாசகி, தெஹிவளை

பதில்: ஒருவனோடு பழகினேன், மகள். 1997 இலிருந்து வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், காசு கொடுத்து ரெலிபோன் பேசும் கொம்யூனிகேஷன் கடை வைத்திருந்தேன். எதிரே சென்ரி, ஆமிக் காவல் நிலை. அதன் பின்னால் ஒரு பழைய வீட்டில் அவர்களுடைய சின்ன முகாம்.

மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பையன், இருபது வயது. அவன் வீட்டில் ரெலிபோன் இல்லை. ஊர்க் கடைக்கு எடுத்து, அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி வைத்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்ப எடுப்பான். துவக்கை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு என் ஸ்டூலில் காத்திருப்பான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பதினைந்து நிமிஷங்களில் கேட்டதுதான். என்னை அக்கா என்பான். அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதானே.

விடிய முதல் எழும்ப வேண்டும். காலையில் பாண், பருப்பு, சம்பல். இரண்டு மணித்தியாலம் சென்ரி, நாலு மணித்தியாலம் ஓய்வு, இரவும் பகலும் அதே சுற்று. ஓய்வு என்று பெயர்தான். அதற்குள் துவக்குத் துடைக்க வேண்டும், சப்பாத்துக்குப் பொலிஷ் போட வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும், குசினி முறையும் வரும். தொடர்ந்து நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டது லீவில் மட்டும்தான் என்றான். ஐப்பசி மழையில் மணல்மூட்டைகள் ஊறிப் புல் முளைத்துவிடும். காலுறை காயாமல் அவனுடைய விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன்.

பயமும் இருந்தது. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக்குக் குண்டோடு வந்ததும் லொறிதானே. ஒழுங்கை முனையில் ஏதாவது லொறி வேகம் குறைத்தால் பாதிப் பேச்சில் எழுந்துவிடுவான்.

சம்பளம் முழுக்க வீடு கட்டப் போனது. ஒரு லீவுக்கு ஒரு சுவர். மூன்றாவது சுவர் எழும்பியபோது போட்டோ கொண்டுவந்து காட்டினான். பூச்சில்லாத கல், ஜன்னலுக்குச் சாக்கு.

சரி, மற்றதையும் சொல்ல வேண்டும். 2000 ஏப்ரலில் ஆனையிறவு ஆமி முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு கெடுபிடி கூடியது. ஒருநாள் இரவு சுற்றிவளைப்பு. வவுனியாவிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த தம்பியைக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் கையில் இருந்தும் கொண்டுபோனார்கள். ஒழுங்கையில் டோர்ச் பிடித்து நின்றவன் இவன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பியை இரண்டாம் நாள் விட்டார்கள். மூன்றாம் நாள் இவன் வந்து கடை வாசலிலேயே நின்று, "தம்பி வந்துவிட்டாரா?" என்று கேட்டான். வந்துவிட்டான் என்றேன். நம்பரை எடுத்துக் கொடுத்தேன், காசை எண்ணி வாங்கினேன், அன்றைக்குப் பிளேன்ரீ கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது, இன்றும் அப்படித்தான். அவன் கண் சிவந்து, இரண்டு இரவு தூங்காதவன் போல் இருந்ததையும் மறக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவனுக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம். திருகோணமலையிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. பிறகு ஒருநாள் எங்கள் சென்ரி மூட்டைகளையும் லொறியில் ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டே நின்றவள், கணக்குக் கொப்பியைத் திறந்து அந்த ஊர்க் கடை நம்பரை எடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து எடுக்கச் சொன்னார்கள். அதே ஸ்டூலில் இருந்தேன்.

அம்மா வந்தார். மகன் சுகம், வெசாக்குக்கு லீவில் வருகிறான், கூரை போட்டாயிற்று என்றார். பிறகு, "உங்கள் தம்பி சுகமா?" என்று கேட்டார்.

சுகம், கனடாவுக்குப் போய்விட்டான் என்றேன்.