கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்காக ஓடிஜி வாங்கணுமா?

கேள்வி: பெரம்பூர்ல இருக்கோம் அக்கா. திருவருகைக் காலம் வந்தாலே வீட்ல கல்கல், அச்சு முறுக்கு, பட்டர் பிஸ்கட்னு ஆரம்பிச்சிடுவோம். பிஸ்கட்ட மட்டும் மாவு பிசைஞ்சு பக்கத்து பேக்கரில குடுத்து சுட்டு வாங்குவோம், இந்த வருஷம் அவங்க முடியாதுன்னுட்டாங்க. 28 லிட்டர் ஓடிஜி (கேக், பிஸ்கட் சுடற கரண்ட் அவன்) ஆஃபர்ல வருது, வாங்கிடவா? இல்ல இருக்கற மைக்ரோவேவ்லயே சுடலாமா?

பதில்: மைக்ரோவேவ் மேல கன்வெக்‌ஷன்னு போட்டிருக்கானு பாருங்க. போட்டிருந்தா அந்த மோட்ல தாராளமா சுடலாம், புதுசா ஒண்ணும் வேணாம். வெறும் சூடு பண்ற சோலோ மாடல்னா விட்ருங்க, பிஸ்கட் செவக்கவே செவக்காது.

ஓடிஜி வாங்கறதுன்னா ஆஃபர பாக்கறதுக்கு முன்னாடி உங்க கிச்சன் சுவத்த பாருங்க. அந்த சைஸ் ஓடிஜி பெரும்பாலும் 1500 வாட் பக்கம் இழுக்கும், சாதா 6 ஆம்ப்ஸ் பாயிண்ட் 230 வோல்ட்ல 1380 வாட் வரைக்கும்தான், அதனால பெரிய பின் போடற பவர் பிளக் வேணும், பழைய வீடுகள்ல அது கிச்சன்ல ஒண்ணே ஒண்ணு இருக்கும் அதையும் ஃப்ரிட்ஜ் புடிச்சிருக்கும். பெரிய பின்ன சாதா பாயிண்ட்ல மாட்டற கன்வெர்ட்டர் சொருகி சமாளிக்கறது ஆபத்து. அந்த செலவையும் சேர்த்துதான் விலை. அப்புறம் லிட்டர் கணக்க வெச்சு ஒரு தடவைக்கு எத்தனை பிஸ்கட் வைக்கலாம்னு தெரியாது, கடைல ட்ரேய வெளிய எடுத்து காட்ட சொல்லுங்க. டயல்ல 170 வெச்சா உள்ள 170தான் இருக்கும்னும் நம்பாதீங்க, ஒரு அவன் தெர்மாமீட்டர் சேர்த்து வாங்கிடுங்க.

வருஷத்துக்கு ஒரு தடவைதான்னா என் ஓட்டு வேற பேக்கரிக்கு. டிசம்பர் பாதிக்கு மேல கேக் ஆர்டர்ல அவங்க மூச்சு விட மாட்டாங்க, முதல் வாரமே போய் கிலோவுக்கு எவ்வளவுன்னு பேசிடுங்க.

கேள்வி: பட்டர் மாதிரியே பாக்கெட், விலை பாதி. வாங்கலாமா?

பதில்: பாக்கெட்ட திருப்புங்க. டேபிள் பட்டர்னா 80 சதவீதம் பால் கொழுப்பு இருந்தே ஆகணும். ஃபேட் ஸ்ப்ரெட், மார்ஜரின்னு பொடி எழுத்துல இருந்தா அது வேற சாமான், முன்னாடி மஞ்சளா என்ன படம் போட்டிருந்தாலும் சரி. மார்ஜரின்ல பிஸ்கட் வராதுன்னு இல்ல, நல்லாவே மொறுமொறுன்னு வரும், வாசனைதான் வராது. உடம்புக்கு கெடுதலான டிரான்ஸ் ஃபேட்டுக்கு 2022 ஜனவரிலேர்ந்து 2 சதவீதம்தான் உச்ச வரம்பு, ஆனா பெரிய கட்டியிலேர்ந்து வெட்டி கவர்ல போட்டு தர்றதுல என்ன இருக்குனு எதைப் பாத்து சொல்லுவீங்க? 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர், பேக்கிங் தேதி ரெண்டும் இருக்கறதா வாங்குங்க. உப்பு பட்டர்னா மாவுல தனியா உப்பு போடாதீங்க.

கேள்வி: புது அச்சு முறுக்கு அச்சுல மாவு ஒட்டிக்கிட்டு விழ மாட்டேங்குது, கடைக்காரர் மாத்தித் தர மாட்டேங்கறார்.

பதில்: அது அச்சோட குத்தமா இருக்காது. ராத்திரி பூரா அரிசி கழுவின தண்ணில ஊற வெச்சு, நல்லா துடைச்சு, காயற எண்ணெய்ல கொஞ்ச நேரம் கிடக்க விடுங்க. மாவுல முக்கும்போது முக்காவாசிக்கு மேல போகாம பாத்துக்கோங்க, மேல் விளிம்ப மூடிட்டா எந்த அச்சும் விடாது. ஆனா கைப்பிடி ஆடுது, மறை கழண்டு வருதுன்னா கதையே வேற, கொதிக்கற எண்ணெய்ல விழற சமாச்சாரம் அது, பில்லோட போய் மாத்த சொல்லுங்க, மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் குடுங்க.