பக்கத்து போர்வெல்லிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போகிறது, எங்கள் கிணறு கரிக்கிறது: வழக்குப் போடலாமா?

கேள்வி: திருப்புல்லாணிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு அறுபது தென்னையும் ஒன்றரை ஏக்கர் மிளகாயும் ஒரு வட்டக்கிணறும் இருக்கின்றன. பெரியப்பா மகன் தன் பங்கை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவர் இரண்டு போர் போட்டு, தினமும் பத்துப் பன்னிரண்டு லாரித் தண்ணீரை பட்டணம்காத்தான் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளுக்கும் ராமேஸ்வரம் லாட்ஜ்களுக்கும் விற்கிறார். ஒரு மோட்டார் பழைய விவசாய இலவச மின் இணைப்பிலேயே ஓடுகிறது. ஒரே வருஷத்தில் எங்கள் கிணறு கரித்துவிட்டது. கேட்டால், "என் பட்டா, என் தண்ணீர்" என்கிறார். மூன்று தலைமுறையாக நாங்கள் இறைக்கும் கிணறு அது. தண்ணீர்த் திருட்டு என்று வழக்குப் போடலாமா? அல்லது நாங்களும் ஆழமாக ஒரு போர் போட்டுவிடலாமா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, வரையறுத்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரை நிலச் சொந்தக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம். மூன்று தலைமுறை என்ற வாதமும் நிற்காது. இப்படிப்பட்ட நீரில் நெடுநாள் அனுபவத்தால் உரிமை வராது என்கிறது 17-ஆம் பிரிவு. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துச் சட்டம் அது. டேங்கர் லாரியை அது கண்டதில்லை. நிலத்தடி நீருக்கென 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் நிறைவேற்றினார்கள். நடைமுறைக்கே வராமல் 2013-ல் அதை ரத்தும் செய்தார்கள்.

அதனால் திருட்டு என்று தொடங்க வேண்டாம். தன் தோட்டத்துக்கு இறைப்பது வேறு, வியாபாரத்துக்கு உறிஞ்சுவது வேறு. அவரைப் பிடிக்கும் இடம் அதுதான்.

2014-ல் பொதுப்பணித்துறை வெளியிட்ட அரசாணை எண் 142, வியாபாரத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பவர் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்கிறது. கேன் தண்ணீர் கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டும், 2018-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அரசாணை செல்லும் என்றது. அவரிடம் சான்று இருக்கிறதா என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். சான்று இல்லை என்று வரும் அந்த ஒரு தாள் போதும், கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுக்க.

அப்புறம், போருக்கும் கடலுக்கும் எத்தனை மீட்டர்? சர்வேயரை வைத்து அளந்து வாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் வந்து எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் வியாபாரத்துக்கு நிலத்தடி நீர் எடுக்க கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை இடம் தருவதில்லை. 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு நீர் இல்லாத இடத்தில் குடிநீர், விவசாயம், மீன்பிடித் தேவைக்கு மட்டும், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கலாம். அந்த எல்லைக்குள் போர் இருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்த மாதிரி. அப்படியானால் சென்னையிலுள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போகலாம். வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். ஆனால் பிரச்சினை தலைகாட்டிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் கிடைக்கும். உங்களுக்கு ஒரு வருஷம் ஓடிவிட்டது என்பதால், நஷ்ட ஈடும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு ஐந்து வருஷம் அவகாசம் உண்டு.

மின் இணைப்பு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இலவச விவசாய இணைப்பில் ஓடும் மோட்டாரால் தண்ணீர் விற்றால், அது மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. பொருந்தும் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். லாரி நிற்கும் படத்தோடு மின்வாரிய உதவி செயற்பொறியாளருக்கு எழுதுங்கள். பெரிய பெரிய சட்டமெல்லாம் செய்யாததை இந்தக் கடிதம் சில சமயம் செய்துவிடும்.

இனி, இதெல்லாம் நிற்பதற்கு வேண்டிய சாட்சியம். நம் கடற்கரையில் மழை நீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. ஊற்றில் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பிய நம் வீட்டுப் பெண்கள் மேலாக மொண்டதன் காரணம் அதுதான். நல்ல தண்ணீர் மட்டம் ஓரடி இறங்கினால், அடியிலுள்ள உப்பு நாற்பதடி வரை ஏறலாம் என்பது பழைய கணக்கு. இதைக் கோர்ட்டில் சொல்வது எளிது, காட்டுவதுதான் சிரமம். என் கட்சிக்காரர் ஒருவர் மருந்து பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். "இது எந்த மாசம் எடுத்தது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். சித்திரை வைகாசியில் யார் கிணறுதான் கரிக்காது?

எனவே மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடுமுன், ஒரே ஆழத்தில் எடுத்து வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கொடுங்கள். நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும் உப்பு குறையவில்லை என்று தாள் காட்டினால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 22 கிராம சபையில் தீர்மானமும் போடச் சொல்லுங்கள்.

லாரியை மறிக்காதீர்கள். மறித்தால் முதல் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

கடைசிக் கேள்விக்கு: போர் போடாதீர்கள். ஆழம் போகப் போக உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த உப்பு நீர்தான். அதோடு, "அவரும் போட்டிருக்கிறாரே" என்று எதிர்த்தரப்பு காட்டுவதற்கு உங்கள் வரப்பிலேயே ஒரு குழாய் நிற்கும்.