போதகர், ஓவியர், ஆசிரியர்: மூன்றும் ஒருவரே

போதகராகவும் ஓவியராகவும் ஆசிரியராகவும் ஒரே ஆள் வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் வில்லியம் கில்பின் (1724–1804) அப்படித்தான் வாழ்ந்தார்.

எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது ஆசிரியர் முகம். சீம் என்ற ஊரின் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தபோது, பிரம்பைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார். தவறு செய்த மாணவன் அபராதம் கட்டினான்; அந்தப் பணம் பள்ளிக்கே செலவானது. சிறுவர்களுக்குத் தோட்டம் போட நிலம் கொடுத்தார், சிறு கடை நடத்தவும் விட்டார். பிரம்பில்லாமல் பள்ளியா என்று கேட்ட 18ஆம் நூற்றாண்டில் இதெல்லாம் நடந்தது!

விடுமுறைகளில் ஊர் ஊராகப் போய் வரைந்தார். 1770இல் இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் ஓடும் வை (Wye) ஆற்றுப் பயணத்தில் எடுத்த குறிப்புகள் 1782இல் நூலாக வந்தன. ஓவியத்தில் பொருந்தும் அழகு எது என்பதே அவர் ஆராய்ச்சி. சரளமான கை, கொஞ்சம் அடாவடியான கண். அந்த ஆற்றங்கரையில் இருக்கும் டின்டர்ன் மடாலத்தின் இடிபாடுகளைப் பார்த்தவர், அதன் சுவர்முனைகள் ஒழுங்காக இருந்து கண்ணை உறுத்துகின்றன, கொட்டாப்புளியால் பக்குவமாக நாலு தட்டுத் தட்டினால் தேவலை என்று எழுதிவிட்டார். போதகர் பேசுகிற பேச்சா இது?

1777இல் பழைய மாணவர் வில்லியம் மிட்ஃபோர்டின் உதவியால் நியூ ஃபாரஸ்ட் காட்டுப்பகுதியில் போல்டர் ஊரின் போதகரானார். முதுமையில் தன் ஓவியங்களை விற்று, அந்தப் பணத்தை அவ்வூர் ஏழைக் குழந்தைகளின் பள்ளிக்கு நிதியாக வைத்தார்.